ஐந்தருவிச் சாலையில் ஒரு வகுப்பறை

கடையநல்லூர்

ராஜபாளையம் தாண்டியதும் ரயிலின் வலப்பக்க ஜன்னல்களில் மலை வந்து உட்கார்ந்துகொள்கிறது. பிறகு தென்காசி வரை எழுந்திருப்பதில்லை. ஆடி மாதம். மேல்பாதியை மேகம் மூடியிருந்தது. அடிவாரத்தில் தென்னையும் மாவும், அவற்றுக்கு நடுவே அப்போதுதான் உழுது போட்ட செவல் நிலம். சென்னையின் அனலிலிருந்து வந்தவர்களுக்கு அந்தக் காற்று முகத்தில் பட்டதே போதும், பேச்சு நின்றுவிட்டது.

என்னோடு இரண்டு பேர். ஒருவர் ஓரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றை நடத்தும் பொறுப்பில் இருக்கும் நண்பர். இன்னொருவர் அவருடைய வகுப்புத் தோழி. சிங்கப்பூரில் சரக்குக் கப்பல் நிறுவனம் ஒன்றின் மூத்த அதிகாரி. ஐம்பதை ஒட்டிய வயதில் இருவரும் இப்போது மாணவர்கள். வேலையை விடாமல், உயர்பதவியில் இருந்துகொண்டே படிக்கும் எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ. வகுப்பு, வெளிநாட்டுப் பள்ளி. சில மாதங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு நாட்டில் ஒரு வாரம் உட்கார்ந்து படிப்பார்கள். மற்ற நாட்களில் இரவு பத்து மணிக்கு மேல் கணினித் திரை. கடைசிப் பருவத்துக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். தன் துறைக்கும் தன் ஊருக்கும் வெளியே போய், அங்கே மனிதர்கள் வேலையை எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள், கற்றதை எப்படிக் கைமாற்றுகிறார்கள் என்று பார்த்து எழுத வேண்டும். நண்பர் தென்காசியைத் தேர்ந்தெடுத்தார். தோழி சேர்ந்துகொண்டதற்குக் காரணம் வேறு. அவருடைய பாட்டனார் கடையநல்லூர்க்காரர்.

தறிக்காரர்களின் ஊர் அது. கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் போன தமிழ் முஸ்லிம்கள், ஆண்கள் மட்டும் போய்ப் பணம் அனுப்பும் வழக்கத்தை விட்டு, குடும்பத்தோடு கப்பலேறியவர்கள். சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியேறினார்கள். 1941-இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்று ஒரு சங்கம் வைத்தார்கள். போர் முடிந்த கையோடு, 1946-இல், அந்தச் சங்கம் உமறுப்புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. கூலிவேலையும் சில்லறை வியாபாரமும் செய்த மனிதர்கள் போட்ட காசு அது. பின்னாளில் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து 1982 வரை நடந்தது. இன்றும் அதே பெயரில் அங்கே தமிழ்மொழி நிலையம் இருக்கிறது.

தோழி சின்னத் தெருக்களில் நடந்துகொண்டே சொன்னார்: “எங்க பாட்டி அம்மியில மசாலா அரைச்சு வித்தவங்க. அத்தா உமறுப்புலவர்லதான் படிச்சாங்க. நான் இப்ப படிக்கிற படிப்புக்கு என் கம்பெனி கட்டுற பணத்தைக் கேட்டா பாட்டி மயக்கம் போட்டுருவாங்க.”

பாட்டனாரின் வீடு எது என்று தெரியவில்லை. தெருவின் பெயர் மட்டும் தெரியும். தறி ஓடும் சத்தம் ஒரே ஒரு வீட்டிலிருந்து வந்தது. அந்த வீட்டு அம்மா எங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, யார், எந்த வழி, யாருக்கு யார் உறவு என்று கேட்டுக்கேட்டு மூன்று தலைமுறைக்குப் பின்னால் போய்விட்டார். உறவு எதுவும் ஒட்டவில்லை. ஆனாலும் சாப்பிடாமல் அனுப்ப மறுத்துவிட்டார். நெய்ச்சோறும் தாளிச்சாவும். சாப்பிட்டு முடிக்கும்போது தோழியைப் பார்த்து, “இந்த வயசுல என்னத்துக்கும்மா படிப்பு? வேலைதான் கையில இருக்குல்லா?” என்றார். தோழி பதில் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

தென்காசி, கோபுர வாசல்

அந்த அம்மாவின் கேள்வி நியாயமானது. தென்காசிக்குப் போகும் வழியெல்லாம் அதைத்தான் பேசிக்கொண்டு வந்தோம்.

வேலையில் இருப்பவரை வகுப்பில் உட்காரவைக்கும் இந்த ஏற்பாடு போர்க்காலத்தில் பிறந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் 1943-இல் உலகின் முதல் எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ.வைத் தொடங்கியது. ஹார்வர்டின் உயர் மேலாண்மை வகுப்பு 1945-இல் வந்தது. போர்த் தொழிற்சாலைகளுக்கு ஆட்களைத் தயார்செய்த பயிற்சிதான் அதன் வேர். அதே காலத்தில் இங்கிலாந்தில் ஹென்லி கல்லூரி. அதைப் பார்த்து நம் ஹைதராபாத்தில் 1956-இல் நிர்வாகப் பணியாளர் கல்லூரி. நெஸ்லே நிறுவனம் தன் மேலாளர்களுக்காக 1957-இல் லொசானில் தொடங்கிய பள்ளியும், அலுமினிய நிறுவனமான அல்கான் 1946-இல் ஜெனிவாவில் தொடங்கிய பள்ளியும் 1990-இல் இணைந்ததுதான் இன்றைய ஐ.எம்.டி. தொழிலில் ஊறியவரிடம் அனுபவம் இருக்கிறது, ஆனால் அந்த அனுபவம் ஒரே துறைக்குள், ஒரே கட்டடத்துக்குள் அடைபட்டுக் கிடக்கிறது; அதை இன்னொருவருடைய அனுபவத்தோடு உரசவிட வேண்டும் என்பதுதான் இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை. இன்று உலக அளவில் பெயர்பெற்ற பள்ளிகளில் கட்டணம் ஒரு லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று நான் கேட்டேன்.

“வாத்தியார் சொல்றதுல பாதி புத்தகத்துலயே இருக்குண்ணே,” என்றார் நண்பர். “பக்கத்து நாற்காலிக்காரன்தான் படிப்பு. என் பக்கத்துல ஒரு மருத்துவமனை நடத்துறவர். அந்தப் பக்கம் மீன்வலை செய்யிற கம்பெனி. என் ஃபேக்டரில நான் சொன்னா எதிர்த்துப் பேச ஆளில்ல. அங்க மூணாவது நிமிஷமே ஒருத்தர் கையைத் தூக்கி, நீ சொல்றது தப்புங்கிறார்.”

அவர் இன்னொன்றும் சொன்னார். ஒரு நாள் வகுப்பில் பேச எடுத்துக்கொண்ட கேஸ், அதாவது பாடமாக எழுதிய நிஜ நிறுவனக் கதை, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. ஹார்வர்ட் பேராசிரியர் கஸ்தூரி ரங்கன் 1993-இல் எழுதியது; முப்பது ஆண்டுகளாக உலகத்தின் வணிகப் பள்ளிகள் படித்துக்கொண்டிருப்பது. எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வுபெற்ற பிறகு, 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை, பணம் கட்ட முடிந்தவர்களிடம் வாங்கி, கட்ட முடியாதவர்களுக்கும் அதே தரத்தில் கண்ணறுவை செய்து, நட்டமில்லாமல் நடப்பது எப்படி என்பது கேள்வி. வெளிநாட்டு மாணவர்கள் நண்பரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அந்த மருத்துவமனை வாசலைப் பலமுறை கடந்தவர், உள்ளே போனதில்லை. “உலகமே படிக்கிற பாடம், என் ஊர்லேருந்து பஸ்ல போற தூரத்துல இருக்கு,” என்று சொல்லும்போது அவருடைய குரல் கம்மியது. அந்த மருத்துவமனையே 1992-இல் மதுரையில் லைக்கோ என்ற பயிற்சி நிலையத்தைத் தொடங்கிவிட்டது. பல நாட்டுக் கண் மருத்துவமனைகளின் நிர்வாகிகள் அங்கே வந்து படிக்கிறார்கள். மதுரைக்கு வந்து படித்துப் போகும் அந்த வெளிநாட்டு மேலாளர்களைப் பற்றி நம் பத்திரிகைகள் இன்னும் நிறைய எழுதியிருக்க வேண்டும்.

காசி விசுவநாதர் கோயில் வாசலில் நுழையும்போது காற்று ஆளைத் தள்ளுகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று கோபுர வாசலைக் குழாயாக்கிக்கொள்கிறது. புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பெண்கள் சிரித்தபடி ஓடுகிறார்கள். ஏறத்தாழ 180 அடிக் கோபுரம். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டிய கோயில் இது; கோபுரம் பின்னாளில் சிதைந்து, நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாக நின்று, 1990-இல்தான் மறுபடி முழுசாக எழுந்தது.

இந்தக் கோயிலில் அந்த அரசன் வெட்டிவைத்த கல்வெட்டுச் செய்தி ஒன்றைத் தென்காசிக்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எதிர்காலத்தில் இந்தக் கோயில் பழுதுபட்டால், அதைச் செப்பனிட்டுக் காப்பவர் யாராக இருந்தாலும், அவருடைய காலில் இப்போதே விழுந்து வணங்குகிறேன் என்பது அதன் பொருள். முடிசூடிய ஒருவன், இன்னும் பிறக்காத, பெயர் தெரியாத யாரோ ஒருவருடைய காலில் விழுகிறான். நண்பர் தூணில் சாய்ந்து நின்று இதைக் கேட்டார். அவருக்கு அடுத்து அந்தத் தொழிற்சாலைக்கு யார் வரவேண்டும் என்பது அவர் நிறுவனத்தில் ஒரு வருடமாக முடியாமல் கிடக்கும் விவகாரம். அதைப் பற்றி வகுப்பில் இரண்டு நாள் பாடம் நடந்ததாம். பாடத்தில் கட்டம் போட்டு, யாருக்கு என்ன திறமை என்று மதிப்பெண் போடச் சொல்லிக்கொடுத்தார்கள். வருகிறவரை முன்கூட்டியே வணங்கச் சொல்லிக்கொடுக்கவில்லை.

மத்தளம்பாறை

தென்காசியிலிருந்து கடையம் போகும் சாலையில் சிறிது தூரம். வயல், வாய்க்கால், தோப்பு, பிறகு சட்டென்று ஒரு மென்பொருள் நிறுவனம். 1996-இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி, 2009-இல் ஜோஹோ என்று பெயர் மாறிய நிறுவனம் 2011-இல் தென்காசிக்கு வந்தது. நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு சென்னை ஐ.ஐ.டி.யில் 1989-இல் படிப்பை முடித்து, பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் வாங்கி, அமெரிக்காவில் வேலைபார்த்து, பல வருடங்கள் கழித்து இந்தக் கிராமத்துக்கே குடிவந்தவர். 2021-இல் பத்மஸ்ரீ. 2025 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பைக் கைமாற்றிவிட்டு, ஆராய்ச்சிக்கான பொறுப்பை எடுத்துக்கொண்டார்.

நண்பர் தென்காசியைத் தேர்ந்தெடுத்தது இந்த நிறுவனம் வளர்ந்த கதைக்காக அல்ல, அதன் பள்ளிக்காக. 2005-இல் சிறிய அளவில் தொடங்கிய ஜோஹோ பள்ளிகளில் ப்ளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்த பிள்ளைகள் சேர்கிறார்கள். கட்டணம் கிடையாது, படிக்கும்போதே மாதாமாதம் உதவித்தொகை உண்டு. தொழில்நுட்பம், வடிவமைப்பு, வணிகம் எனப் பிரிவுகள். கொஞ்ச காலம் வகுப்பு, பிறகு வேலை செய்கிறவர்களோடு உட்கார்ந்து பழக்கம், பிறகு வேலை. பட்டம் என்று ஒரு காகிதம் தருவதில்லை.

எனக்கு நிறுவனங்கள் தங்களைப் பற்றிச் சொல்வதைவிட, வாசலுக்கு வெளியே டீக்கடையில் கேட்பது உதவும். அங்கே வேலைபார்க்கும் சுரண்டைப் பக்கத்துப் பெண் ஒருவர், சிநேகிதிகளோடு உளுந்தவடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்பாவுக்குப் பூ வியாபாரம். தோழி தன் படிப்பைப் பற்றிச் சொன்னதும் அந்தப் பெண்ணுக்கு ஆச்சரியம். “அக்கா, உங்களுக்கு மேல எத்தன பேரு?” என்று கேட்டார். தோழி யோசித்து, “ரெண்டு பேர்” என்றார். “அப்ப உங்களுக்குக் கீழ நிறைய பேரு இருப்பாங்கல்லா? நீங்க படிச்சத அவங்களுக்கு எப்ப சொல்லிக்குடுப்பீங்க?”

வடை ஆறிக்கொண்டிருந்தது. தோழி நேர்மையாகவே பதில் சொன்னார்: இதுவரை சொல்லிக்கொடுக்கவில்லை, அப்படி ஒரு வழக்கம் தன் நிறுவனத்தில் இல்லை, படித்துவிட்டு வந்தால் அடுத்த பதவிக்குப் போவார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பெண் அதைத் தவறு என்று நினைத்த மாதிரி தெரியவில்லை. தான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு அண்ணன் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து, தான் எழுதிய நிரலை வரிவரியாகப் படிக்கவைத்ததைச் சொன்னார். “இது ஏன் இப்பிடி எழுதுனன்னு கேப்பாரு. தெரியலன்னா திட்ட மாட்டாரு. சும்மா இருப்பாரு. அதுதான் கஷ்டம்.” இப்போது இரண்டு புதுப் பிள்ளைகளுக்கு அவர் அதையே செய்கிறார். இருபத்திரண்டு வயதுகூட இருக்காது.

உயர் அதிகாரிகளின் வெளிநாட்டுப் படிப்பைப் பற்றி எனக்கு நெடுநாளாக இருந்த மனக்குறை என்ன என்பது அந்த பெஞ்சில்தான் எனக்கே தெளிவானது. கட்டணத்தையோ ஆங்கிலத்தையோ நான் குறை சொல்ல மாட்டேன். ஐம்பது வயதில் ஒருவர் மறுபடி மாணவராவது நல்ல காரியம். அதற்கு எந்தக் கடலையும் தாண்டலாம். ஆனால் அந்தப் படிப்பு மேலே போகும் படிக்கட்டாக மட்டும் கட்டப்பட்டிருக்கிறது. கற்றவர் தனக்குக் கீழே இருக்கும் மேசைக்குப் போய், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வேண்டும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. நிறுவனங்கள் இந்தப் படிப்பைப் பரிசாகவும், விட்டுப் போகாமல் இருப்பதற்கான கட்டாகவும் கொடுக்கின்றன. படித்து முடித்தபின் இத்தனை வருடம் இருக்க வேண்டும் என்று கையெழுத்து வாங்குகிறார்கள். இத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஒரு கையெழுத்து வாங்கினால் என்ன?

தமிழ்நாட்டில் இதை அறிந்தவர்கள் இல்லாமல் இல்லை. புதுப்பட்டியில் பிறந்து, அமெரிக்காவின் கெல்லாக் பள்ளியில் 1973 முதல் பேராசிரியராக இருந்த பாலா பாலச்சந்திரன், உலகம் முழுக்க மேலாளர்களுக்குக் கணக்கியல் சொல்லிக்கொடுத்தவர், 2004-இல் சென்னையில் கிரேட் லேக்ஸ் பள்ளியைத் தொடங்கினார். 2021-இல் மறையும்வரை இரண்டு நாட்டுக்கும் பறந்துகொண்டிருந்தார். கோவையில் பிறந்த சி.கே. பிரகலாத், மிச்சிகனில் இருந்துகொண்டு உலகின் பெரிய நிறுவனத் தலைவர்களுக்கெல்லாம் வாத்தியாரானவர், சென்னையில் ஒரு பேட்டரி ஆலையில் வேலை பார்த்த நாட்களிலிருந்தே தன் படிப்பு தொடங்கியது என்று சொல்லிவந்தார். ஆலையின் தரையில் கற்றதைத்தான் அவர் உலகுக்குத் திருப்பிக் கொடுத்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பிரானூர்

கேரளத்திலிருந்து வரும் மரத்தை அறுக்கும் ஆலைகள் சாலையின் இரு பக்கமும். ஈர மரத்தூள் வாசனையும் பார்டர் கடைகளின் சால்னா வாசனையும் ஒன்றாகக் கலந்து வருகின்றன. 1956 நவம்பர் 1-க்கு முன் பக்கத்துச் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். எல்லை போய்விட்டது, பெயர் கடைகளில் தங்கிவிட்டது. வாழை இலையில் சின்னச்சின்னப் புரோட்டாக்கள், பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றி, பக்கத்தில் நாட்டுக்கோழி. தோழி சிங்கப்பூர்ப் பரோட்டாவோடு ஒப்பிட்டுப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மூன்றாவது புரோட்டாவுக்குப் பிறகும் ஒன்றும் பேசவில்லை.

ஐந்தருவிச் சாலை

குற்றாலத்திலிருந்து ஐந்தருவிக்குப் போகும் சாலையில் சாரல் மழையாகப் பெய்யாது. காற்றில் நனைந்த துணியாக முகத்தில் ஒட்டும். ரம்புட்டான், மங்குஸ்தான், துரியன் குவித்த பழக்கடைகள். இந்தச் சாலையில் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் நினைவிடம் இருக்கிறது. நண்பர்களை இங்கே அழைத்துவர வேண்டும் என்பது என் ஆசை. இது அவர்கள் திட்டத்தில் இல்லை.

டி.கே.சி. சட்டம் படித்தவர். சட்ட மேலவையில் உறுப்பினராக இருந்தார். 1930-களில் அறநிலையத் துறையின் ஆணையர். அதாவது இன்றைய கணக்கில் மூத்த நிர்வாகி. நெல்லை வண்ணார்பேட்டையில் அவர் வீட்டு முற்றத்தில் நண்பர்கள் கூடினார்கள்; வட்டத்தொட்டி என்று அதற்குப் பெயர். வந்தவர்களில் பெரும்பாலோர் வேலையில் இருந்தவர்கள். வக்கீல்கள், அரசு அலுவலர்கள், ஆசிரியர்கள். பகலெல்லாம் கோப்பு பார்த்தவர்கள் மாலையில் கம்பனின் ஒரு செய்யுளை எடுத்து வைத்துக்கொண்டு, வேகமாகத் தாண்டாமல், அதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பார்கள். பதவிப்படி யாருக்கும் இருக்கை கிடையாது. தேர்வு கிடையாது, பட்டம் கிடையாது. பின்னாளில் டி.கே.சி. குற்றாலத்துக்கே குடிவந்தார். ராஜாஜியும் கல்கியும் இங்கே வந்து தங்கிப் பேசியிருக்கிறார்கள். 1954-இல் அவர் மறைந்தார்.

“இது இலக்கியம் இல்லையாண்ணே? இதுக்கும் எங்க படிப்புக்கும் என்ன சம்பந்தம்?” என்று நண்பர் கேட்டார். நான் இரண்டு பேரைப் பற்றிச் சொன்னேன்.

தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் வருவாய்த் துறையில் சின்ன வேலையில் தொடங்கி மாவட்ட ஆட்சியர் வரை உயர்ந்தவர். தஞ்சையில் பணியில் இருந்தபோது, வயலிலும் குளக்கரையிலும் கேட்பாரற்றுக் கிடந்த சிலைகள் கண்ணில் பட்டன. வேறொரு அதிகாரியாக இருந்தால் அவை வெறும் கல். 1951-இல் தஞ்சைக் கலைக்கூடம் உருவானதில் அவர் உழைப்பு பெரியது. நீதிபதி எஸ். மகராஜன் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனவர். ஷேக்ஸ்பியரைத் தமிழாக்கினார், கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதினார். இருவரும் டி.கே.சி.யின் வட்டத்தில் உட்கார்ந்து எழுந்தவர்கள். ஒரு செய்யுளை அவசரமில்லாமல் பார்க்கப் பழகிய கண், கோப்பையும் சாட்சியையும் குளக்கரைக் கல்லையும் அப்படியே பார்த்தது என்பது என் நம்பிக்கை.

தோழி உடனே பிடித்துக்கொண்டார். அவர்கள் வகுப்பில் எட்டுப் பேர் கொண்ட சிறு குழுக்கள் உண்டு. காலையில் பாடத்துக்கு முன் குழுவாக உட்கார்ந்து கேஸைப் பேச வேண்டும். முதல் வாரம் ஆளாளுக்குத் தீர்வு சொல்ல முந்துவார்கள். “ஒரு நாள் எங்க பேராசிரியர் சொன்னாரு, இன்னிக்கு யாரும் தீர்வு சொல்லக்கூடாது, கேஸ்ல என்ன நடந்திருக்குன்னு மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கன்னு. அரை மணி நேரம். அன்னிக்குத்தான் நான் படிச்சேன்னு நினைக்கிறேன்.” கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, “முதலியார் வீட்டுக்கு ஃபீஸ் எவ்வளவு?” என்றார். சாப்பாடும் அவர் போட்டதுதான் என்றேன்.

சித்திர சபை

பேரருவிச் சந்தடியிலிருந்து சற்று விலகி இருக்கிறது. நடராசரின் ஐந்து சபைகளில் ஓவியமே சபையான இடம். உள்ளே சுவர் முழுக்க மூலிகை வண்ண ஓவியங்கள். ஈரம் ஏறி உரிந்த இடங்கள் மனதை உறுத்துகின்றன. ஒரு மூலையில் ஒரு பெண்ணுருவின் கை மட்டும் மிச்சம்; வளையலின் சிவப்புக்கூட மங்கவில்லை, முகம் இல்லை. கோபுரத்துக்கு 1990-இல் ஆட்கள் கிடைத்தார்கள். இந்தச் சுவருக்கும் கிடைக்க வேண்டும்.

பேரருவி

சித்தாறு மேலிருந்து நேராக நம் தலையில் விழுவதில்லை. பாதி உயரத்தில் பாறைக்குள் பொங்குமாகடல் என்ற ஆழமான பள்ளம். தண்ணீர் முதலில் அதில் விழுந்து, வேகம் அடங்கி, பொங்கி வழிந்து கீழே வருகிறது. அந்தப் பள்ளம் இல்லையென்றால் இத்தனை ஆயிரம் பேர் அருவியின் கீழ் நிற்க முடியாது. நண்பர் இதைக் கேட்டதும், அனுபவமுள்ள நடுநிலை மேலாளர்களும் இப்படித்தான், மேலிருந்து வருவதைத் தாங்கிக் கீழே அனுப்புகிறார்கள் என்று எழுதிக்கொண்டார். தோழி ஒப்புக்கொள்ளவில்லை. “எங்க கம்பெனியில அந்தப் பள்ளத்துலேயே எல்லாம் தங்கிடுது. கீழ சொட்டுக்கூட வர்றதில்ல.”

குளிக்கும் முன் எண்ணெய். நண்பர் படிக்கட்டில் துண்டோடு உட்கார்ந்தார். தேய்த்தவருக்கு நாற்பது வயது இருக்கும், உள்ளங்கை பலகை மாதிரி. நல்லெண்ணெயைத் தலையில் வைத்துத் தட்டி, கழுத்தைப் பிடித்து, தோளில் நிறுத்தினார்.

“தோளத் தளத்துங்க அண்ணாச்சி. ஆபீசுல பெரிய ஆளா இருப்பீங்க. இங்க தோளு எங்கிட்ட குடுத்தாச்சு, பாத்துக்கிடுங்க.”

எப்படிக் கற்றுக்கொண்டீர்கள் என்று நண்பர் குனிந்தபடியே கேட்டார். மாமாவிடமாம். “மூணு சீசன் எண்ணெக் கிண்ணந்தான் பிடிச்சேன். கைய வைக்க விடல. ஆளு உக்காருத தோரணையப் பாரு, வலி எங்கன இருக்குன்னு சொல்லுன்னுவாரு. நாலாவது சீசன்லதான் ஒரு முதுகு குடுத்தாரு.” பக்கத்தில் பத்தொன்பது வயதுப் பையன் கிண்ணம் பிடித்துக்கொண்டு நின்றான். இவனுக்கு எத்தனையாவது சீசன் என்றதற்கு, “ரெண்டு. இவன் சுறுசுறுப்பு, அடுத்த வருசம் கைய வைக்கட்டும்” என்றார்.

குளித்து முடித்து, தலை ஈரத்தோடு டீக்கடையில் நின்றபோது நண்பர் தொழிற்சாலைக்குப் போன் போட்டார். திரும்பியதும் சனிக்கிழமை மாலைகளில் கேண்டீன் ஹாலில் ஒரு வட்டம் கூட்டப்போகிறார். மேடை வேண்டாம், நாற்காலிகளை வட்டமாகப் போட வேண்டும். தான் படித்து வந்ததைத் தான் சொல்வது இருக்கட்டும், முதல் வாரம் டூல் ரூமில் முப்பது வருடம் இருந்து அடுத்த மாதம் ஓய்வுபெறும் ஃபோர்மேன் பேச வேண்டும். தோழிக்கு நம்பிக்கை இல்லை. ஆறு மாதத்தில் நாற்காலிகள் காலியாகிவிடும், உற்பத்தி அவசரம் வந்தால் முதலில் ரத்தாவது இதுதான் என்றார். நண்பரும் அதை மறுக்கவில்லை. ஃபோர்மேனையே லைனில் கூப்பிடச் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டார்.

அந்தப் பக்கம் மெஷின் சத்தம். ஃபோர்மேன் முழுதும் கேட்டுக்கொண்டார். “பேசுறேன் சார். ஆனா ஹால்ல நாற்காலியில உக்காந்தா எனக்கு ஒண்ணும் வராது. டை பக்கத்துல நின்னாத்தான் பேச்சு வரும். பசங்கள அங்க வரச் சொல்லுங்க. ரெண்டு ஷிப்டுக்கும் நடுவுல மெஷின் அரை மணி நிக்கும், அது போதும்.”

நண்பர் அடுத்த போனைக் கேண்டீனுக்குப் போட்டு, நாற்காலி வேண்டாம் என்றார்.